ஓட்டல் வாசலில் நின்றவள் எழுதுவது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பிதழில் எங்கள் மதுரையின் காலை டிபன் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். இட்லிக்கு எத்தனை சட்னி, எந்தத் தெருவில் எந்தக் கடை என்பதெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. நடுவில் ஒரு வரி: "காலையிலேயே ஓட்டல் வாசலில் பெண்கள் காத்து நிற்பதைப் பார்த்தால், வீட்டு அடுப்பை மறந்துவிட்டார்களோ என்று மனம் வலிக்கிறது." அதைப் படித்த பிறகு எனக்குக் கையிலிருந்த காபி இறங்கவில்லை.

நான் அரசு மருத்துவமனையில் 33 வருடம் செவிலியராக இருந்து 2019ல் ஓய்வு பெற்றவள். நைட் டூட்டி என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பத்திரிகை ஆபீஸிலும் விடிய விடிய ஆட்கள் வேலை பார்க்கிறார்கள். காலையில் ஹேண்டிங் ஓவர் கொடுத்து வெளியே வர எட்டு மணி தாண்டிவிடும். முதல் நாள் மாலை டூட்டிக்குக் கிளம்புவதற்கு முன்பே மாவு ஆட்டி வைத்திருப்பேன். நாலு பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம். உளுந்தைத் தனியாகப் பொங்கப் பொங்க ஆட்டி, அப்புறம் அரிசியை ஆட்டி, உப்புப் போட்டுக் கையால் கரைத்து, கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கழுவி வைத்துவிட்டுத்தான் பஸ் பிடிக்க ஓடுவேன். மறுநாள் காலை என் மாமியார் அதை அவித்துக் கொடுக்க, எல்லோரும் சாப்பிட்டுக் கிளம்பிவிடுவார்கள். நான் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது எனக்கு இருப்பது கழுவாத இட்லித் தட்டும் கிண்ணத்தின் அடியில் காய்ந்த சட்னியும்.

அதனால் நைட் முடிகிற நாளில் மருத்துவமனைக்கு எதிரே இருந்த சின்ன ஓட்டலுக்குப் போய்விடுவேன். மொத்தமே ஆறு மேஜை. உள்ளே நுழைந்ததும் சர்வர் அண்ணன், "உட்காருங்க சிஸ்டர், பொங்கல் இப்பத்தான் இறங்குச்சு" என்பார். இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்து, முழு மிளகு தெரிகிற பொங்கலை வைத்து, வடையைச் சாம்பார் படாமல் ஓரமாக ஒதுக்கி வைப்பார். வடை ஊறினால் எனக்குப் பிடிக்காது என்பது அவருக்குத் தெரியும். பாதி சாப்பிடும்போது நான் கூப்பிடாமலேயே சாம்பார் வாளியோடு வந்து, "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?" என்று நிற்பார். என் வீட்டில் அப்படி என்னை யாரும் கேட்டதில்லை. அந்த இருபது நிமிஷத்தைத்தான் உங்கள் கட்டுரையாளர் அடுப்பை மறந்தது என்கிறார்.

அதே கட்டுரையில், நாற்பது வருடமாக ஒரே கடையில் காலை டிபன் சாப்பிடும் ஒரு பெரியவரைப் பற்றி அவ்வளவு பாசமாக எழுதியிருக்கிறீர்கள். அவர் வீட்டு அடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை உண்டா? அவர் சாப்பிட்டால் ருசி அறிந்தவர், நான் சாப்பிட்டால் வீட்டை மறந்தவள். இது என்ன நியாயம், ஐயா?

தொண்ணூறுகளில் ஒரு பெண் தனியாக ஓட்டலுக்குள் போனால் முதலில் 'பேமிலி ரூம்' பக்கம் கையைக் காட்டுவார்கள். அழுக்குத் திரைச்சீலை, சுற்றாத ஃபேன், கூப்பிட்டாலும் எட்டிப் பார்க்காத சர்வர். முன்கூடத்தில் உட்காருகிறேன் என்று சொல்வதற்கே எனக்கு இரண்டு வருடம் ஆனது. என் அப்பா அந்தக் கால ஓட்டல்களுக்குள் போகவே கூசியவர். 1957ல் சென்னை திருவல்லிக்கேணியில் ஓர் ஓட்டல் பலகையிலிருந்து 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியார் மாதக்கணக்கில் மறியல் நடத்தியதை அவர் எங்களுக்கு அடிக்கடி சொல்வார். ஓட்டலில் யாரும் யார் பக்கத்திலும் உட்கார்ந்து சாப்பிடலாம் என்பது சும்மா கிடைத்ததல்ல.

2022 செப்டம்பர் 15 அன்று பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு போடும் திட்டம் எங்கள் மதுரையில்தான் தொடங்கியது. அப்போதும் எங்கள் தெருவில் சிலர், "பெத்தவளுக்கு ரெண்டு தோசை சுட முடியாதா?" என்று பேசினார்கள். விடிகாலையில் பூ கட்டவும் பாத்திரம் தேய்க்கவும் போகிற பெத்தவளைத்தான் சொன்னார்கள். இப்போது உங்கள் பத்திரிகையும் அதையே அச்சில் சொல்கிறது.

ஓட்டலைப் பற்றி எழுத வேறு விஷயமா இல்லை? 2017 நவம்பரில் சாப்பாட்டுக்கான ஜிஎஸ்டியை 12, 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைத்தார்கள். நான் போகும் கடையில் மறு வாரமே விலைப்பட்டியலில் புது ஸ்டிக்கர் ஒட்டினார்கள். நான் கொடுத்த காசு குறையவே இல்லை. 2019 ஜனவரியிலிருந்து தட்டில் விரிக்கிற பிளாஸ்டிக் தாளுக்கும் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்புக்கும் தமிழ்நாட்டில் தடை. இன்றைக்கும் கொதிக்கிற சாம்பாரை அந்தத் தாளில்தான் ஊற்றுகிறார்கள். அதைப் பார்த்து உங்கள் கட்டுரையாளருக்கு மனம் வலிக்கவில்லை.

இப்போது அந்தச் சின்ன ஓட்டலும் இல்லை. அந்த இடத்தில் டோக்கன் வாங்கி நின்றுகொண்டு சாப்பிடும் கடை வந்துவிட்டது. மேஜை என் நெஞ்சு உயரம். 33 வருடம் வார்டில் நின்று முழங்கால் தேய்ந்துவிட்டது. ஒரு கையால் மேஜையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் இட்லியைப் பிட்டுத் தின்கிறேன். உட்கார இடம் கேட்டால், "பார்சல் வாங்கிக்கங்கம்மா" என்கிறார் கல்லாவில் இருக்கிற தம்பி. மருத்துவமனை வாசலில் நோயாளியோடு வருகிறவர்களுக்கும் அதே பதில்தான்.

நான் கேட்பது இரண்டுதான். அந்த வரிக்கு வருத்தம் தெரிவித்து அடுத்த ஞாயிறு இணைப்பிதழில் ஒரு சின்னக் குறிப்புப் போடுங்கள். கூடவே, நின்று சாப்பிடும் கடைகளில் சுவரோரமாக நாலு ஸ்டூலாவது போடும்படி ஓட்டல்காரர்களுக்கு உங்கள் பத்திரிகை மூலம் சொல்லுங்கள். ஸ்டூல் விஷயமாகப் போன வருடமே ஒரு கடிதம் போட்டிருந்தேன், பிரசுரமாகவில்லை. அதன் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
மதுரை