பி.இ.யோடு ஒரு பி.ஏ.வும் படிக்கலாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிளஸ் டூ முடிவுகள் வந்தாலே, 'பொறியியலா, கலைக் கல்லூரியா?' என்ற பேச்சு வீட்டுக்கு வீடு தொடங்கிவிடுகிறது. இரண்டையும் சேர்த்தே படிக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஒரே நேரத்தில் இரண்டு பட்டப்படிப்புகளுக்கு 2022-லேயே பல்கலைக்கழக மானியக் குழு அனுமதி கொடுத்துவிட்டது. பி.இ.யை நேரடி வகுப்பிலும் பி.ஏ. வரலாற்றைத் தொலைநிலையிலும் படிக்கலாம். ராஜஸ்தானின் பிலானியில் உள்ள பிட்ஸ் கல்வி நிறுவனத்தில், பிளஸ் டூ முடித்து நேரடியாக எம்.எஸ்சி. பொருளாதாரம் சேர்பவர்கள், முதலாண்டு மதிப்பெண்ணைப் பொறுத்து பி.இ.யும் எடுத்து, ஐந்தாண்டில் இரண்டு பட்டம் பெறுவது நெடுநாள் வழக்கம்.

இது வேலைவாய்ப்புக்காக மட்டும் சொல்வதல்ல. ஏரிக்குள் சாலை போடத் திட்டமிடும் பொறியாளருக்கு, பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் மடையும், மிகுநீர் வெளியேறும் கலிங்கும் அந்த இடத்தில் ஏன் இருக்கின்றன, கடைமடை விவசாயிக்குத் தண்ணீர் எப்படிப் போகிறது என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டாமா? கான்கிரீட் கணக்கு அதைச் சொல்லித் தராது. வரலாறும் சமூகவியலும் சொல்லித் தரும்.

அண்ணா பல்கலைக்கழகம் பொறியியல் மாணவர்களுக்குத் 'தமிழர் மரபு' பாடம் வைத்தது நல்ல தொடக்கம். ஆனால் இரண்டு பட்டம் படிப்பவருக்கு, பி.இ. செமஸ்டர் தேர்வும் தொலைநிலைத் தேர்வும் ஒரே நாளில் வந்தால் என்ன செய்வார்? பல்கலைக்கழகங்கள் கலந்து பேசி, தேர்வுத் தேதிகளை மோதாமல் அமைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி