அந்தக் கேள்வியையும் அச்சிடுங்கள், ஐயா

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு தலையங்கத்தில், ஆசிரியர்கள் மனம் வைத்தால் பிள்ளைகளை யோசிக்க வைத்துவிடலாம் என்று எழுதியிருந்தீர்கள். மனம் வைத்தால்! அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இத்தனை வருடமும் மனத்தை வீட்டில் பூட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போனேன் என்று உங்கள் தயவில் தெரிந்துகொண்டேன், நன்றி.

அந்த மெழுகுவர்த்தி சோதனை உங்களுக்குத் தெரியாததல்ல. தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி, மேலே கவிழ்த்த கண்ணாடி டம்ளர். தீ அணையும், தண்ணீர் உள்ளே ஏறும். காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன், அது எரிந்து தீர்ந்த இடத்துக்குத் தண்ணீர் வந்தது என்று எழுதினால் மார்க். எட்டாம் வகுப்பில் ஒரு பெண் எழுந்து, "சார், ரெண்டு மெழுகுவர்த்தி வெச்சா தண்ணி இன்னும் மேல ஏறுதே, டம்ளர்ல இருக்கிற ஆக்சிஜன் அதே அளவுதானே?" என்றாள். வீட்டில் செய்து பார்த்திருக்கிறாள். சரி, பார்த்துவிடுவோம் என்று மூன்றாகவும் வைத்துப் பார்த்தோம். தீ எரியும்போது அவ்வளவாக ஏறாத தண்ணீர் அணைந்த பிறகுதான் விறுவிறுவென்று ஏறுகிறது என்று கண்டுபிடித்தவன் கடைசி பெஞ்சுப் பையன். சூட்டில் விரிந்த காற்று ஓரமாகக் குமிழி விட்டு வெளியே போகிறது, மிச்சக் காற்று ஆறிச் சுருங்கும்போது தண்ணீர் ஏறுகிறது, பெரிய காரணம் அதுதான் என்று பிள்ளைகளே சண்டை போட்டு ஒரு முடிவுக்கு வந்தார்கள். அந்த நேரம் பார்வைக்கு வந்த அதிகாரி கேட்டது, "போர்ஷன் முடிஞ்சுதா?" விஷயத்தைச் சொன்னேன். "விடைக்குறிப்புல ஆக்சிஜன்தானே இருக்கு, அதையே எழுதச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு நோட்டுத் திருத்தியிருக்கிறேனா என்று பார்க்கப் போய்விட்டார்.

இதில் யார் மனம் வைக்க வேண்டும், ஐயா?

பீசா என்கிற சர்வதேசத் தேர்வின் 2009 சுற்றில் நம் மாநிலமும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டு, 70க்கும் மேற்பட்ட இடங்களில் கடைசி வரிசையில் நின்றோம். படித்ததைப் புதிய இடத்தில் பயன்படுத்தத் தெரிகிறதா என்று பார்க்கும் தேர்வு அது. அடுத்த சுற்றுக்கு நாடே போகவில்லை, கதை முடிந்தது. 2017இல் மாநில ரேங்க் அறிவிப்பை நிறுத்தினார்கள், நல்லதுதான். அப்புறம் தனியார் பள்ளிகள் ரேங்கை பிளெக்ஸில் போட ஆரம்பித்தன, உங்கள் முதல் பக்கத்தில் முழுப்பக்க விளம்பரமாகவும் வந்தது. 2018இல் புதிய பாடத்திட்டம், பாடத்தின் கடைசியில் இருக்கும் 'புக் பேக்' கேள்விகள் மட்டுமல்ல, பாடத்துக்கு உள்ளிருந்தும் கேள்வி வரும் என்றார்கள். வந்தது. உடனே ஆசிரியர்களான எங்களிடம் பாஸ் சதவீதம் ஏன் குறைந்தது என்று விளக்கம் கேட்டார்கள். இடையில் எமிஸ் என்கிற பள்ளித் தகவல் இணையதளத்தில் பதிவேற்றுவது, தேர்தல் வேலை, அதெல்லாம் சொன்னால் கடிதம் நீளும்.

உங்கள் பத்திரிகைக்கே வருகிறேன். தலையங்கம் வந்த அதே நாள் மாணவர் பக்கத்தில் 'இதை மட்டும் படித்தால் பாஸ்'. பொதுத்தேர்வு நடக்கும்போது பாருங்கள், கணக்கிலோ அறிவியலிலோ புக் பேக்கில் இல்லாத ஒரு கேள்வி வந்துவிட்டால் போதும், 'மாணவர்கள் கண்ணீர்', 'கருணை மதிப்பெண் கோரிக்கை' என்று நான்கு பத்தி அகலத்தில் செய்தி, அழுகிற பிள்ளையின் படத்தோடு. என்ன கேட்டார்கள் என்று மட்டும் இருக்காது. தப்பான கேள்வியா, அச்சுப் பிழையா, இல்லை கொஞ்சம் யோசிக்க வேண்டிய கேள்வியா, படிப்பவனுக்கு எப்படித் தெரியும்?

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. இந்த வருடம் அப்படிச் செய்தி போட்டால், அந்தக் கேள்வியை வினாத்தாளில் உள்ளபடியே பக்கத்தில் ஒரு சின்னக் கட்டத்தில் போடுங்கள். இடம் இல்லையென்றால் அழுகிற படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர்,
திருவாரூர் மாவட்டம்