பழுதை மறைத்து விற்ற டீசல் பிக்கப்: வண்டியைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தரக் கோரும் புகார்

அனுப்புநர்:
மலைவாழை விவசாயி,
பெரும்பாறை வட்டாரம், திண்டுக்கல் மாவட்டம்.

பெறுநர்:
பொது மேலாளர் அவர்கள்,
பழைய வாகன விற்பனைப் பிரிவு, தலைமை அலுவலகம்.

மதிப்பிற்குரிய ஐயா,

கடந்த ஆவணி முதல் முகூர்த்தத்தில், திண்டுக்கல் புறவழிச்சாலையில் உள்ள தங்கள் கிளையில் 2018-ஆம் ஆண்டு டீசல் பிக்கப் ஒன்றை ரூ.4,85,000 கொடுத்து வாங்கினேன். ஒரு லட்சம் கைப்பணம். மூன்று லட்சம், கூட்டுறவு வங்கியில் மனைவியின் நகையை வைத்து வாங்கியது. மீதியைத் தம்பி கொடுத்தான். அந்த வண்டி சரியாக 19 நாள்கள் ஓடியது. இப்போது வத்தலக்குண்டில் ஒரு மெக்கானிக் கொட்டகையில் நிற்கிறது. கிளைக்கு நான்கு முறை நேரில் போனேன். தொலைபேசியில் எத்தனை முறை பேசினேன் என்பதற்குக் கணக்கில்லை. பதில் கிடைக்காததால் தங்களுக்கு எழுதுகிறேன்.

பழைய வண்டி என்றால் செலவு வைக்கும் என்பது எனக்குத் தெரியும். இதற்கு முன் 11 ஆண்டுகள் ஒரு பழைய வண்டியைத்தான் வைத்திருந்தேன். கிளட்ச் பிளேட் போகும், இன்ஜெக்டர் ஒழுகும், பாரம் தாங்கும் ஸ்பிரிங் பட்டை உடையும். அதற்கெல்லாம் யாரையும் குறை சொன்னதில்லை. என் புகார் பழுதைப் பற்றியது அல்ல. பழுதைத் தெரிந்தே மூடி, மேலே பெயின்ட் அடித்து, "சோதித்துப் பார்த்தோம், நன்றாக இருக்கிறது" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறீர்களே, அதைப் பற்றியது.

2018 வண்டியை நான் வேண்டுமென்றேதான் தேடினேன். 2020 ஏப்ரலுக்குப் பிறகு, பி.எஸ். 6 என்ற புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் வண்டிகள் பலவற்றில் புகை வடிகட்டி இருக்கிறது. மலைப்பாதையில் இரண்டாம் கியரிலும் மூன்றாம் கியரிலும் ஊர்ந்து போகிறவர்களுக்கு அது அடைத்துக்கொண்டால் தொல்லை. அதற்கு முந்தைய பி.எஸ். 4 வண்டி என்றால் எங்கள் ஊர் மெக்கானிக்கே பார்த்துவிடுவார். இதையெல்லாம் தங்கள் விற்பனைப் பிரதிநிதியிடம் விளக்கமாகச் சொன்னேன். வண்டி சித்தரேவிலிருந்து பெரும்பாறைக்கு ஏற வேண்டும், மேலே போகும்போது எரு மூட்டை, கீழே வரும்போது வாழைத்தார், பல நாள்களில் என் அண்ணன் மகனும் கூட வருவான் என்றெல்லாம் சொன்னேன். "உங்களுக்கென்றே வந்த வண்டி" என்றார்.

வண்டி பார்க்கப் போன காலையில் நடந்த ஒன்றை இப்போது நினைத்தாலும் மனம் பொறுக்கவில்லை. டீசல் வண்டியைக் குளிர்ந்த நிலையில் கிளப்பிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே கிளை திறந்த நேரத்துக்குப் போய் நின்றேன். குளிர்ந்த இன்ஜின் கிளம்பும்போதுதான் அதன் குறை தெரியும். பானெட்டில் கை வைத்தேன், முன்பே ஓடவிட்டது போலச் சூடாக இருந்தது. கேட்டதற்கு, "வெயிலில் நின்ற வண்டி" என்றார் பிரதிநிதி. வண்டி நின்றது வேப்பமரத்து நிழலில். அப்போதே நான் திரும்பியிருக்க வேண்டும். ஆனால் அவர் அந்த நேரத்தில்தான் தங்கள் நிறுவனத்தின் சோதனைச் சான்றிதழை எடுத்து நீட்டினார். இன்ஜின் நன்று, குளிரூட்டும் அமைப்பு நன்று, சேஸிஸில் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தில்) விரிசலோ வெல்டிங்கோ இல்லை, ஓடிய தூரம் 82,400 கிலோமீட்டர் என்று வரிவரியாக எழுதி, ஆய்வாளர் கையெழுத்தும் முத்திரையும் இருந்தன. பானெட்டின் சூட்டைவிட அந்தக் காகிதத்தை நம்பினேன்.

19-ஆம் நாள், 1,100 கிலோ எருவோடு மலை ஏறினேன். பெரும்பாறைக்கு நான்கைந்து வளைவுகள் இருக்கும்போதே வெப்பமானி முள் சிவப்பைத் தொட்டது. உடனே ஓரம் கட்டி நிறுத்திவிட்டேன். ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைத் துணி சுற்றிப் பிடித்துப் பார்த்தால் விறகுக் கட்டை போல விறைத்திருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆறவிட்டும் அந்த விறைப்பு தளரவில்லை. வெறும் சூடு என்றால் ஆற ஆற ஹோஸ் இளகிவிட வேண்டும். சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம் தண்ணீர்ப் பாதைக்குள் புகுந்தால்தான் இப்படி நிற்கும்.

மறுநாள் காலையிலேயே கிளைக்குத் தெரிவித்தேன். ஆறு மாதம் அல்லது 10,000 கிலோமீட்டர் வரை இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் உத்தரவாதம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். நான் ஓட்டியது 1,140 கிலோமீட்டர். "எங்கள் பணிமனைக்குக் கொண்டு வாருங்கள்" என்றார்கள். ரூ.6,500 கொடுத்து இழுத்துப் போனேன். ஒன்பது நாள் வைத்திருந்து, கூலன்ட் மட்டும் ஊற்றி, "அதிகப் பாரம் ஏற்றியதால் ஏற்பட்ட பழுது, உத்தரவாதம் பொருந்தாது" என்று ஒரே ஒரு வரி எழுதித் திருப்பிவிட்டார்கள்.

ஐயா, அந்த ஒரு வரிதான் என்னை இவ்வளவு நீளமாக எழுத வைக்கிறது. ஆர்.சி. புத்தகத்தின்படி அந்த வண்டி 1,700 கிலோ ஏற்றலாம். மண்டிக்குப் போகும் வாழைத்தார் முழுவதும் எடைமேடையில் ஏறித்தான் இறங்குகிறது. எருவும் எடை போட்டு வாங்கியதுதான். அந்த 19 நாள்களில் ஏற்றிய ஒவ்வொரு லோடுக்கும் என்னிடம் எடைச்சீட்டு இருக்கிறது. அதிகபட்சம் 1,380 கிலோ. தங்கள் பணிமனையில் ஒருவர்கூட என்னிடம் எடைச்சீட்டு கேட்கவில்லை. கேட்காமலேயே குற்றத்தை என் தலையில் வைத்துவிட்டார்கள்.

பிறகு வத்தலக்குண்டில் 30 ஆண்டுகளாக டீசல் வேலை பார்க்கும் மெக்கானிக் அண்ணனிடம் வண்டியை விட்டேன். அவர் ஒரு போல்ட்டைக்கூட அவிழ்க்கும் முன் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து இன்ஜினைக் கிளப்பினார். தண்ணீரில் அரிசி கொதிப்பது போல இடைவிடாமல் குமிழி வந்தது. சிலிண்டருக்கு மேல் அழுத்தமும் தண்ணீரும் கலக்காமல் அடைத்து நிற்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்றார். அதில் எனக்கு அதிர்ச்சி இல்லை. தண்ணீரை வடித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. செம்மண் கரைத்தது போலப் பழுப்பு வண்டல், விரலால் தேய்த்தால் நறநறவென்றிருந்தது. ஒழுகலை அடைப்பதற்காக ரேடியேட்டரில் போடும் பவுடர் அது. கேஸ்கெட் கசிவது தெரிந்துதான் யாரோ அதைப் போட்டிருக்கிறார்கள். சில வாரம் தாங்கும். அதற்குள் வண்டி கைமாறிவிடும். அந்தப் பவுடரே ரேடியேட்டரின் நுண்ணிய குழாய்களையும் அடைத்துக்கொண்டு சூட்டைக் கூட்டியிருக்கிறது. இன்ஜின் ஆயிலை வடித்தால் தேன் போலக் கெட்டியாக இறங்கியது. தேய்ந்த இன்ஜினின் புகையை மறைக்கத்தான் அப்படி ஊற்றியிருக்கிறார்கள். சரியான 15டபிள்யூ-40 ஆயிலை ஊற்றிக் கிளப்பியதும், வாங்கிய நாளில் இல்லாத நீலப் புகை வந்தது. ஆயில் மூடியைத் திறந்தால், தேய்ந்த சிலிண்டரிலிருந்து கீழே கசியும் காற்று, அதாவது பேக் கம்ப்ரஷன், குபுகுபுவென்று அடிக்கிறது.

ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றியபோது, அதன் பின்பக்கத் தகட்டில் பழைய ஆயில் சர்வீஸ் ஸ்டிக்கர் ஒன்று பாதி கிழிந்து ஒட்டியிருந்தது. எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்தோம். பால்பாயின்ட் பேனாவில் எழுதியிருந்தது 1,46,300 கிலோமீட்டர். மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய தேதி. தாங்கள் எனக்கு எழுதிக் கொடுத்தது 82,400. ஸ்டியரிங்குக்குப் புது உறை ஏன் போட்டிருந்தீர்கள் என்பது அப்போது புரிந்தது. உறையைப் பிரித்தால் உள்ளே ஸ்டியரிங் வழவழவென்று தேய்ந்திருக்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் பணத்தோடு போகிற விஷயம். அடுத்தது அப்படி அல்ல.

பின்சக்கரத்தைக் கழற்றி ஜாக்கியில் ஏற்றியபோது, இடது பக்கம் பட்டையைத் தாங்கும் பிராக்கெட்டுக்கு முன்னால் சேஸிஸின் கறுப்புப் பெயின்ட் மட்டும் மற்ற இடங்களைவிடப் பளபளத்தது. மெக்கானிக் அண்ணன் கம்பி பிரஷ் எடுத்துத் தேய்த்தார். பெயின்ட் உதிர உதிர ஒரு சாண் நீளத்துக்கு வெல்டிங் தழும்பு வெளியே வந்தது. மேடு பள்ளமாக இருந்த இடத்தில் பட்டி பூசி மட்டம் செய்திருக்கிறார்கள். தழும்பின் ஒரு முனையில் முடி போன்ற விரிசல் மறுபடியும் ஓடத் தொடங்கியிருக்கிறது. அந்த வண்டியில்தான் 19 நாள்கள் அண்ணன் மகனைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு டன்னுக்கு மேல் வாழைத்தாரோடு மலை இறங்கினேன். ஒரு வளைவில் அந்த இடம் விட்டுக்கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தங்கள் ஆய்வாளரைக் கேளுங்கள். "சேஸிஸில் வெல்டிங் இல்லை" என்ற வரிக்குக் கீழேதான் அவர் கையெழுத்து இருக்கிறது.

ஆவணங்களும் இன்னும் முடியவில்லை. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிக் கொடுத்தீர்கள். ஆனால் முந்தைய உரிமையாளர் வாங்கிய கடன் ஆர்.சி.யில் அப்படியே நிற்கிறது. கடன் தீர்ந்தது என்று நிதி நிறுவனம் கையெழுத்திடும் படிவம் 35 வராமல் பெயர் மாற்ற முடியவில்லை. பழைய வாகனம் விற்பவர்கள் அனுமதிச் சான்று பெற வேண்டும், வண்டி கைக்கு வந்ததைப் படிவம் 29சி-யில் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்த வண்டிக்கான 29சி நகலை எனக்கு அனுப்பிவையுங்கள்.

நான் கேட்பது இதுதான். வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு ரூ.4,85,000-ஐ முழுமையாகத் தர வேண்டும். இழுத்துப் போன செலவு ரூ.6,500. தார் அழுகாமல் மண்டிக்கு அனுப்ப 11 நடைக்கு வாடகை வண்டி பிடித்ததில், நடைக்கு ரூ.2,800 வீதம் ரூ.30,800. இந்த ரூ.37,300-ஐயும் சேர்த்துத் தர வேண்டும். இன்ஜினை மட்டும் சரிசெய்து தருகிறோம் என்று கிளையிலிருந்து இப்போது பேசத் தொடங்கியிருக்கிறார்கள். அதை ஏற்க மாட்டேன். வெல்டு வைத்த சேஸிஸோடு அந்த மலையில் இனி ஏற மாட்டேன். பெயின்ட் அடித்து இன்னொருவரிடம் விற்கவும் என் மனம் இடம் தராது.

இக்கடிதம் கிடைத்த 15 நாள்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். தொழிலுக்கு வாங்கிய வண்டி என்பதால் நான் நுகர்வோர் இல்லை என்று தங்கள் கிளை மேலாளர் சொன்னார். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கிய பொருளுக்கு அந்த விலக்கு பொருந்தாது என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. வண்டியை ஓட்டுவது நான். ஏற்றுவது என் தோட்டத்து வாழை. பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் ஆணையத்தில் கட்டணமும் இல்லை.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். அதே ஆய்வாளர் சான்று கொடுத்து விற்ற மற்ற வண்டிகளின் சேஸிஸையும் ஒரு முறை தேய்த்துப் பாருங்கள். அவற்றில் சில, கொடைக்கானல் பக்கமோ ஏற்காடு பக்கமோ இந்நேரம் லோடு ஏற்றிக்கொண்டிருக்கலாம்.

பவுடர் கலந்த தண்ணீரையும் வடித்த ஆயிலையும் தனித்தனிப் பாட்டிலில் மூடி வைத்திருக்கிறோம். ஸ்டிக்கரைக் கிழிக்கவில்லை, வெல்டு வைத்த இடத்தைப் பெயின்ட் உதிர்த்ததோடு விட்டிருக்கிறோம். தங்கள் பொறியாளர் எந்த நாள் வந்தாலும் பார்க்கலாம். வருவதற்கு முதல் நாள் மட்டும் தெரிவியுங்கள்; நானும் மலையிலிருந்து இறங்கி வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
வண்டியை வாங்கியவர்

இணைப்பு: சோதனைச் சான்றிதழ், விற்பனை ரசீது, உத்தரவாதப் பத்திரம், பணிமனையின் மறுப்புக் குறிப்பு ஆகியவற்றின் நகல்கள், எடைச்சீட்டுகள், வாடகை ரசீதுகள், 14 புகைப்படங்கள்.