வெல்ல தோசைக்கு அவசரம் ஆகாது

அன்புள்ள கண்ணா,

காலையில் வெல்ல தோசை சுட்டால் கல்லிலேயே பிடித்துக்கொள்கிறது, மேலே கருகி நடுவில் மாவாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். சாதா தோசைக்கு வைக்கிற தீயை இதற்கும் வைக்கிறாய் என்று நினைக்கிறேன். வெல்லம் சேர்ந்த மாவு சட்டென்று சிவந்துவிடும், உள்ளே வேகத்தான் நேரம் எடுக்கும்.

அளவு எல்லாம் 200 மில்லி டம்ளர் கணக்கு. கோதுமை மாவு 1 டம்ளர், அரிசி மாவு 2 டேபிள்ஸ்பூன், பொடித்த வெல்லம் முக்கால் டம்ளர், துருவிய தேங்காய் 3 டேபிள்ஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. அரிசி மாவை விட்டுவிடாதே. வெறும் கோதுமை என்றால் தோசை சவசவ என்று இழுக்கும். உப்பும் அப்படித்தான், அது இல்லாவிட்டால் தித்திப்பு திகட்டும்.

ஏலக்காய் 4 போதும். தோலை நீக்கி, விதையோடு ஒரு ஸ்பூன் சர்க்கரை சேர்த்து இடித்தால் நைசாகப் பொடியும். சுக்குப்பொடி கால் டீஸ்பூன். ஜாதிக்காய் பிடித்தால் இரண்டு உரசல், அதற்கு மேல் போனால் கசக்கும். வெல்லத்துக்குப் பதில் கருப்பட்டி கிடைத்தால் ஏலக்காயை 1 ஆகக் குறைத்துவிட்டு, சுக்கைக் கொஞ்சம் கூட்டு. கருப்பட்டிக்கென்று ஒரு வாசனை இருக்கிறது, அதை ஏலக்காய் அமுக்கிவிடக் கூடாது.

வெல்லத்தை அரை டம்ளர் தண்ணீரில் போட்டுச் சூடாக்கு. கரைந்ததும் அடுப்பை அணைத்துவிடு. கொதிக்கவிட்டுப் பாகு ஏறிவிட்டால் ஆறியபின் தோசை விறைக்கும். கட்டாயம் வடிகட்டு, எவ்வளவு நல்ல வெல்லமானாலும் அடியில் மண் இருக்கும். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியபிறகுதான் மாவில் ஊற்ற வேண்டும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் மாவு அங்கங்கே வெந்து கட்டி தட்டும், அப்புறம் எவ்வளவு கரைத்தாலும் போகாது. மெத்தென்று வரட்டும் என்று பாலை ஊற்றாதே. சூடான வெல்லத்தோடு சேர்ந்தால் பால் திரிந்துவிடும். மெத்தென்று வேண்டுமானால் பாதி வாழைப்பழத்தை மசித்துப் போடு. ஆப்ப சோடாவும் தேவையில்லை.

பிறகு வேண்டிய அளவு தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கரை. பதம் தோசை மாவைவிடக் கெட்டி, இட்லி மாவைவிடச் சற்றுத் தளர்வு. கரைந்ததும் நிறுத்திவிடு, அடித்துக் கலக்கினால் கோதுமை ரப்பர் மாதிரி ஆகும். 15 நிமிஷம் அப்படியே இருக்கட்டும். மாவு தண்ணீரை இழுத்துக் கொஞ்சம் இறுகும்; அதைப் பார்த்துவிட்டுத்தான் இன்னும் தண்ணீர் வேண்டுமா என்று முடிவு செய்.

இனி கல். நன்றாகச் சூடேற்றி, தண்ணீர் தெளித்தால் சொய் என்று அடங்க வேண்டும். அதன்பின் தீயைக் குறை. உங்கள் ஊர் மின் அடுப்பில் சூடு உடனே இறங்காது, கல்லை அரை நிமிஷம் தூக்கி நகர்த்தி வை. இரும்புக் கல் என்றால் எண்ணெய் தொட்ட துணியால் துடை. வெங்காயத்தால் தேய்த்தால் இனிப்பில் அந்த வாடை ஏறிவிடும்.

ஒரு கரண்டி ஊற்றி, கரண்டியின் அடியால் லேசாகத் தள்ளிவிடு. உள்ளங்கை அகலம் போதும், பெரிதாகத் தேய்த்தால் திருப்பும்போது கிழியும். ஓரத்தில் அரை ஸ்பூன் நெய் விட்டு மூடி போடு. மேலே ஈரப் பளபளப்பு போய் சின்னச் சின்னக் கண் விழுந்து, ஓரம் தானாகக் கல்லை விட்டு எழும்பும். அதற்கு முன் தோசைத்திருப்பியை உள்ளே விடாதே, பாதிக்கும் மேற்பட்ட தோசை அந்த அவசரத்தில்தான் பிய்கிறது. திருப்பியபின் மூட வேண்டாம், ஒரு நிமிஷம் போதும். ஒவ்வொன்றுக்கும் பிறகு கல்லைத் துடை. ஒட்டியிருக்கும் வெல்லம் அடுத்த தோசையில் கருப்புப் புள்ளியாக வரும்.

இத்தனைக்குப் பிறகும் பிய்ந்தால் வெல்லம் கூடிவிட்டது என்று அர்த்தம். மாவில் இன்னும் இரண்டு ஸ்பூன் கோதுமை மாவு சேர். முதல் தோசை எப்படியும் சோதனைதான், அதைச் சின்னதாக ஊற்று.

இந்த அளவுக்கு 6, 7 வரும். காலையில் நேரமில்லையென்றால் ராத்திரியே கரைத்து ஃப்ரிட்ஜில் வை, தேங்காயை மட்டும் காலையில் சேர். வெளியே வைத்தால் வெல்ல மாவு சீக்கிரம் புளித்துப்போகும். கூட ஒரு காரச் சட்னி வைத்துக்கொள், தித்திப்பு மட்டும் என்றால் இரண்டுக்கு மேல் இறங்காது.

அன்புடன்,
அம்மா