அறைக்குள் இருக்கும் பிள்ளையிடம் பேசுங்கள்

28 மே 2021

அன்பான பெற்றோருக்கு, வணக்கம்.

பிளஸ் டூ தேர்வு நடக்குமா நடக்காதா என்று தினமும் பத்துப் பேராவது போன் செய்கிறீர்கள். மே 3 தொடங்கவேண்டிய தேர்வு தள்ளிப்போனதோடு சரி, அடுத்த அறிவிப்பு வந்த அன்றே குரூப்பில் போட்டுவிடுகிறேன். இந்தக் கடிதம் தேர்வைப் பற்றியது இல்லை. நம் பிள்ளைகளில் பலர் இப்போது காய்ச்சலோடோ, வீட்டில் யாருக்கோ கொரோனா பாசிட்டிவ் வந்ததாலோ தனியாக அடைபட்டிருக்கிறார்கள், அவர்களைப் பற்றியது.

ஏப்ரல் கடைசியில் எனக்கே வந்தது. மாடி அறையில் 14 நாள். காய்ச்சல் நாலு நாளில் விட்டுவிட்டது, ஆக்சிஜனும் 96க்குக் கீழே இறங்கவில்லை. உடம்பு தேறிய பிறகுதான் மனசு படுத்துக்கொண்டது. மனைவி சாப்பாட்டுத் தட்டை வாசலில் ஸ்டூல் மேல் வைத்துவிட்டு இறங்கிப் போவாள், செருப்புச் சத்தம் கீழே போய்ச் சேர்ந்ததும் நான் கதவைத் திறக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆறாம் நாள் சத்தம் கேட்டது, பசியும் இருந்தது, எழுந்து போகத்தான் தோன்றவில்லை. சாம்பார் சாதம் காய்ந்து கிடந்தது. முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன், ஜன்னல் கம்பியை எண்ணிக்கொண்டு படுத்திருந்தேன்.

மறுநாள் காலையில் மகள் காப்பி டம்ளரோடு மாடிப்படியில் வந்து உட்கார்ந்துகொண்டாள், கதவுக்கு அந்தப் பக்கம். உடம்பு எப்படி இருக்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊறுகாயில் உப்பு அதிகம், அம்மா ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாள், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள் என்று ஆரம்பித்தாள். அன்றைக்கு மதியம் தட்டை எடுத்தேன், தீர்ப்புச் சொல்லியாக வேண்டுமே!

நம் பள்ளிப் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் தனி அறையே கிடையாது என்பது எனக்குத் தெரியும். நடுவில் சேலையைக் கட்டி ஒரு மூலையை ஒதுக்கியிருக்கிறீர்கள். ஆனால் சேலைக்கு இந்தப் பக்கம் நாலு பேர் இருந்தும் அந்தப் பக்கம் இருக்கிற பிள்ளையிடம் “மாத்திரை போட்டியா” என்பதைத் தவிர யாரும் எதுவும் கேட்காத வீடுகளும் இருக்கின்றன. மாஸ்க் போட்டுக்கொண்டு, ஜன்னலைத் திறந்துவைத்து, தள்ளி உட்கார்ந்து பேசுங்கள். சும்மா ஊர்க்கதை போதும்.

அப்புறம் இந்த போன். பாடமும் அதில்தான் வருகிறது, கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் அதில்தான் வருகிறது. போன வாரம் இரவு இரண்டு மணிக்கு மேல் ஒரு பையனிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். “சார், எங்க பெரியப்பாவை வீட்டுக்குக் கொண்டு வரவே மாட்டாங்களா?” வீட்டில் அவனிடம், பெரியப்பா ஆஸ்பத்திரியில் நன்றாக இருக்கிறார் என்று சொல்லிவைத்திருந்தார்கள். அவன் மூன்று நாளைக்கு முன்பே சொந்தக்காரர் ஒருவர் ஸ்டேட்டஸில் போஸ்டரைப் பார்த்துவிட்டான். வீட்டார் மனசு கஷ்டப்படும் என்று தெரியாதவன் மாதிரியே இருந்திருக்கிறான், சாப்பிட்டு, ஆன்லைன் வகுப்பில் “பிரசன்ட் சார்” சொல்லி. பிள்ளை தாங்காது என்று நாம் மறைக்கிறோம், கடைசியில் பிள்ளை தனியாகத் தாங்குகிறது. துக்கச் செய்தியை போன் சொல்வதற்கு முன்னால் உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து அழுதாலும் பரவாயில்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் போன் உங்கள் கையில் இருக்கட்டும்.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். “நீ விளையாடப் போனதால்தான் தாத்தாவுக்கு வந்தது” என்று கோபத்தில்கூடச் சொல்லாதீர்கள். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று வீட்டுக்குள் யாராலும் நிரூபிக்க முடியாது. நீங்கள் மறுநாள் மறந்துவிடுவீர்கள், பிள்ளை மறக்காது. வேலையும் இல்லாமல், ரேஷன் கடையில் வாங்கிய கொரோனா நிவாரணம் 2000 ரூபாயில் எத்தனை நாள் ஓட்டுவது என்ற எரிச்சலில் வார்த்தை தவறுகிறது, புரிகிறது. அப்படிச் சொல்லியிருந்தால் இன்றைக்கே கூப்பிட்டு, தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று சொல்லுங்கள். அப்பா சொன்னாலும் குறைந்துபோய்விட மாட்டார்.

பிள்ளை சில நாளாகத் தூங்கவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, பிடித்த விஷயத்தைக்கூடத் தொடவில்லை என்றால் சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள். “நான் இருந்து என்ன பிரயோஜனம்” என்கிற மாதிரி ஒரு பேச்சு வந்தால் நடிப்பு என்று தள்ளிவிடாதீர்கள். அன்றைக்குத் தனிமை, விதிமுறை எல்லாம் இரண்டாம்பட்சம், மாஸ்க் போட்டுக்கொண்டு கூடவே இருங்கள், 104 என்ற மருத்துவ உதவி எண்ணுக்கு போன் செய்யுங்கள். பிள்ளைகளுக்கென்றே 1098 என்ற உதவி எண் இருக்கிறது. இரண்டுக்கும் காசு கிடையாது. எனக்கும் போன் செய்யலாம், எந்த நேரமானாலும்.

திங்கள்கிழமையிலிருந்து வகுப்பாசிரியர்கள் உங்கள் வீட்டுக்கு போன் செய்வார்கள். மார்க் கேட்கவோ, வீட்டுப்பாடம் கேட்கவோ இல்லை. போனைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு நீங்கள் கொஞ்சம் தள்ளிப் போய்விடுங்கள், அவ்வளவுதான்.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பி.கு.: மார்ச்சில் எடுத்துப்போன நூலகப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கவில்லையே என்று சில பிள்ளைகள் பயந்துகொண்டிருப்பதாகக் கேள்வி. அபராதம் கிடையாது, இரண்டாம் தரமும் படிக்கட்டும்.