மறதி நோயைத் தேடிக் கிராமம் கிராமமாகப் போன வைத்தியர்

ஆசிரியர் அவர்களுக்கு,

உயர்தரப் பெறுபேறுகள் வெளிவந்ததிலிருந்து, அடுத்து என்ன படிக்கலாம் என்று ஞாயிறுதோறும் ஒரு பக்கம் போடுகிறீர்கள். நல்ல வேலை. போன கிழமை மூளை நரம்பியல் ஆராய்ச்சி பற்றி எழுதியிருந்தீர்கள். வெள்ளைக் கோட்டு, நுணுக்குக்காட்டி, லண்டன், பொஸ்டன். எங்கள் வாசிகசாலையில் அதைப் பார்த்த பிள்ளைகள், இது எங்களுக்கு வாய்க்காது என்று விளையாட்டுப் பக்கத்துக்குப் போய்விட்டார்கள்.

கொலம்பியா நாட்டின் நரம்பியல் வைத்தியர் பிரான்சிஸ்கோ லொபேரா பற்றி ஒரு வரியாவது சேர்த்திருக்கலாம். 2024 செப்டெம்பரில் காலமானவர். குடும்ப அட்டைகளைத் தூக்கிக்கொண்டு வன்னியில் ஒட்டுசுட்டான் பக்கத்து ஒழுங்கைகளில் அலைந்து ஓய்வுபெற்ற கிராம அலுவலர் நான். அவர் செய்ததில் பாதி என் உத்தியோகம் என்றுதான் எனக்குப் படுகிறது.

1980களில் அவர் பயிற்சி வைத்தியராக இருந்தபோது, நாற்பதுகளில் இருந்த ஒருவரை மறதி என்று கூட்டிவந்தார்கள். அந்த வயதில் மறதியா? விசாரித்தால் தகப்பனுக்கும் அதே கதை, கூடப் பிறந்தவர்களுக்கும் அதே கதை. லொபேரா ஆஸ்பத்திரிக் கதிரையில் இருந்துவிடவில்லை. கொலம்பியாவின் அந்தியோக்கியா மாநிலத்து மலைக்கிராமங்களுக்கு ஏறினார். ஊரவர்கள் அதைச் செய்வினை என்று நம்பியிருந்தார்கள். அவரும் தாதி லூசியா மத்ரிகாலும் திண்ணை திண்ணையாகக் கதை கேட்டு, கோயில் ஞானஸ்நானப் பதிவுகளைப் புரட்டி, வம்சாவழி வரைந்தார்கள். கெரில்லாக்களும் போதைப்பொருள் கும்பல்களும் ஆட்சி செய்த பாதைகள் அவை. இன்று அந்த உறவுமுறைக்குள் ஏறத்தாழ 6,000 பேர் அடங்குகிறார்கள். 14ஆம் நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) உள்ள பிரசெனிலின் என்ற மரபணுவில் ஒரு பிழைதான் காரணம் என்று 1995இல் தெரியவந்தது. அல்சைமர் என்னும் இந்த மறதி நோய் உள்ள எல்லோருக்கும் இது பொருந்தாது. பெரும்பாலானோருக்கு அது முதுமையில்தான் வருகிறது, இப்படிப் பரம்பரையாக வருவது மிக அபூர்வம்.

அந்தக் குடும்பத்திலேயே ஒரு பெண்ணுக்குப் பிழையான மரபணு இருந்தும் எழுபது வயது தாண்டும்வரை நோய் வரவில்லை. இன்னொரு மரபணுவின் அரிய வடிவம் அவரைக் காத்திருக்கலாம் என்று 2019இல் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். அவர் இறந்தபின் குடும்பத்தார் மூளையைத் தானம் கொடுத்தார்கள். அந்தியேட்டி முடியுமட்டும் சாமான் ஒன்றையும் அசைக்க விடாத எங்கள் ஆட்கள் இதற்குச் சம்மதிப்பார்களா? என் வீட்டிலேயே அடிபாடு வரும். ஆனால் முப்பது வருடம் வீட்டுக்கு வந்துபோன வைத்தியர் கேட்டால் கதை வேறு. இதே குடும்பங்களில் 252 பேர் சேர்ந்த மருந்துப் பரிசோதனை 2022இல் கைகொடுக்காமல் போனது. அதற்குப் பிறகும் மனிதர் வேலையை விடவில்லை.

இனி எங்கள் பக்கம். என் மூத்த அக்காவுக்கு எண்பது தாண்டிவிட்டது. பொழுதுபட்டால் சட்டி, பருப்பு, தேசிய அடையாள அட்டை எல்லாவற்றையும் ஒரு சேலையில் முடிந்து வைத்துக்கொண்டு, வெளிக்கிடுங்கள் என்று அவசரப்படுத்துவார். அவருக்கு இன்னும் 2009ஆம் ஆண்டுதான். அது யுத்தத்தின் யோசனை என்கிறார்கள் சிலர், அறளை பெயர்ந்துவிட்டது என்கிறார்கள் சிலர். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம் என்று யாரும் நினைப்பதில்லை.

கிளினிக் ஒன்றுக்குக் கூட்டிப்போனோம். 1975இல் அமெரிக்காவில் ஆக்கிய 30 புள்ளிக் கேள்வித்தாள். இது எத்தனையாம் மாடி என்று கேட்டார்கள். அந்தக் கட்டடத்துக்கு மாடியே கிடையாது. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். ஒன்றையொன்று வெட்டும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரையச் சொன்னார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர், பென்சிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு கேள்வி கேட்ட பிள்ளையிடமே நீட்டினார். நல்ல காலத்தில் கேட்டிருந்தாலும் அவர் இதையெல்லாம் செய்திருக்கமாட்டார். பிறகு எதை வைத்து நோயை அளப்பது? வற்றாப்பளைப் பொங்கல் எந்த மாதம், முத்தையன்கட்டுக் குளம் வான் பாய்ந்தால் முதலில் யார் வயல் மூழ்கும் என்று கேளுங்கள், இன்றும் பிசகாமல் சொல்வார். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் முகட்டைப் பார்ப்பார். கேள்வி கேட்ட பிள்ளையில் குறை இல்லை. கையில் கொடுக்கப்பட்ட தாள் அப்படி.

இந்த மண்ணின் முதியவர்களிடம் எதைக் கேட்கவேண்டும் என்று தெரிந்தவர் இந்த மண்ணில் வளர்ந்தவர்தான். இடப்பெயர்வில் காணி உறுதியும் பதிவும் தொலைத்த குடும்பங்களின் வம்சாவழியை, வாய்ப்பேச்சை வைத்தே எழுதி எடுக்கவும் அப்படி ஒருவர் வேண்டும். அதற்கு பொஸ்டன் போகத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் 1978 முதல் மருத்துவபீடம் இருக்கிறது. அங்கே படிக்கும் வன்னிப் பிள்ளை ஒன்று மறதி நோயை எடுத்துக்கொண்டு மல்லாவிக்கும் விசுவமடுவுக்கும் மோட்டார் சைக்கிளில் திரிந்தால், அதுவும் மூளை ஆராய்ச்சிதான். கிராம அலுவலர்களான விதானைமாரும் கூடவே வருவார்கள். எந்த வீட்டில் எந்தக் கிழவி வழி தவறிப் போகிறார் என்று எங்களுக்குத் தெரியும்.

ஆகவே அடுத்த ஞாயிறு லொபேராவைப் பற்றிப் போடுங்கள். லூசியா மத்ரிகாலையும் விட்டுவிடாதீர்கள். அதே பக்கத்தில் தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் தகைமைகளையும் தாருங்கள். மூன்று ஏ எடுத்த பிள்ளைகளுக்குப் புத்தி சொல்ல ஊரில் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம அலுவலர்,
ஒட்டுசுட்டான்.