அப்பாவின் சைக்கிள் கடை

ஆசிரியருக்கு வணக்கம்.

கடலூர் முதுநகரில் சைக்கிள் கடை வைத்திருந்த என் அப்பா சென்ற மாதம் காலமானார். உங்கள் நாளிதழ் தினமும் கடைக்கு வரும். அவர் படித்த பிறகுதான் மற்றவர் கைக்குப் போகும்.

பஞ்சர் ஒட்டுவதில் அவருக்கு அவசரமே கிடையாது. டியூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வரும் இடத்தைக் குறித்து, ஈரம் போகத் துடைத்து, உப்புத்தாளால் தேய்ப்பார். அப்புறம் சொல்யூஷன் தடவி, அது காயும்வரை காத்திருப்பார். "ஈரத்தோடு ஒட்டினால் சாயங்காலமே திரும்பி வருவாய் தம்பி" என்பார். துறைமுகத்துப் பக்கம் உப்புக்காற்றில் செயின் சீக்கிரம் துருப்பிடிக்கும். மீன் விற்கப் போகிறவர்களின் வண்டிக்கு எண்ணெய் விட்டால் காசு வாங்க மாட்டார்.

2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயலில் கடையின் தகரக் கூரை பறந்துவிட்டது. அம்மாவின் வளையலை அடகு வைத்துத்தான் மறுபடி கூரை போட்டார். அந்தக் கடை வருமானத்தில்தான் நாங்கள் மூன்று பேரும் படித்தோம். வளையலை மீட்க மூன்று வருடம் ஆனது; மீட்ட அன்று அவரே அம்மா கையில் போட்டுவிட்டார்.

கடையை இப்போது காலி செய்கிறோம். பழுது பார்க்க விட்ட நான்கு சைக்கிள்கள் அங்கே நிற்கின்றன. ஹேண்டில்பாரில் அப்பா எழுதிக் கட்டிய பெயர் அட்டை இருக்கிறது. ஒன்றுக்கு மட்டும் பின்சக்கரத்தில் பெண்டு எடுக்க வேண்டும், தம்பி பார்த்துக்கொள்வான். உரியவர்கள் வந்து எடுத்துச் செல்லுங்கள். கூலி வேண்டாம்.

– ஒரு மகள், கடலூர் முதுநகர்